அச்சு முறுக்கும் ஸ்வீடன் வாஃபிளும்: உப்பளக் கரைச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். தை பிறந்த பிறகு பாத்திகளைச் சீர்செய்து, வெயில் ஏற ஏற உப்பு வார ஆரம்பித்தால் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பாத்தி நிறைய மழைத்தண்ணீர்தான், கூலி இருக்காது. தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தர 2022இல் தொடங்கியதும் இந்த மாதங்களை மனத்தில் வைத்துத்தான். கிறிஸ்துமஸ் வந்து நிற்பதும் இதே கையிறுக்கமான நாட்களில்.

அதனால்தான் இந்தக் கரையில் கிறிஸ்துமஸ் பலகாரம் என்றால் முதலில் அச்சு முறுக்கு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், ஒன்றிரண்டு முட்டை, கொஞ்சம் சர்க்கரை, ஒரு கை எள். கேக்குக்கு வேண்டிய அவனும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஓர் இரும்பு அச்சும் ஓர் அடுப்பும் இருந்தால் ஒரு பிற்பகலில் தெருவுக்கே கொடுத்தனுப்பும் அளவு பலகாரம் தேறிவிடும்.

இந்த அத்தியாயத்தில் இரண்டு செய்முறைகள் உள்ளன. ஒன்று, டிசம்பருக்கான அச்சு முறுக்கு. மற்றொன்று, மார்ச் 25 அன்று ஸ்வீடன் நாட்டு வீடுகளில் சுடும் எளிய வாஃபிள். ஒன்று எண்ணெயில் பொரிவது, மற்றது இரண்டு தகடுகளுக்கு நடுவே வேகுவது. ஆனால் இரண்டிலும் வேலையைச் செய்வது காய்ந்த இரும்புதான். ஒன்றில் கை பழகியவருக்கு மற்றது எளிதாக வரும்.

அச்சு வந்த கடல்வழி

சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியர் வந்து இறங்காத துறை குறைவு. மரக்காணத்துக்கு வடக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டினார்கள். தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், அதற்கும் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே கடப்பாக்கத்தில் கடலைப் பார்த்து இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. பூ வடிவ இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் முறையும் இப்படி வந்த ஐரோப்பியரோடு வந்தது என்பதே பரவலான கருத்து.

கேரளத்தில் இது அச்சப்பம். ஆந்திராவில் குலாபி புவ்வுலு. ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கி. இலங்கையில் கொக்கிஸ் என்ற பெயரில் சித்திரைப் புத்தாண்டுப் பலகாரத் தட்டில் இருக்கும். ஸ்வீடனிலும் இதே அச்சு உண்டு; அங்கே ஸ்ட்ரூவா என்பார்கள். கோதுமை மாவில் செய்து, பொரித்தெடுத்ததும் மேலே சர்க்கரை தூவுவார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் எள்ளும் சேர்ந்த பிறகுதான் அது நம் பலகாரம் ஆனது. கோதுமை மாவில் வராத ஒரு நொறுங்கல் அரிசி மாவில் வரும். அந்த மாற்றத்தைச் செய்தவை இந்தக் கரையோரச் சமையலறைகளே.

புது அச்சைப் பழக்குதல்

பாத்திரக் கடையில் இரும்பு, பித்தளை, நான்ஸ்டிக் என மூன்று வகை அச்சு கிடைக்கும். கையில் எடுத்தால் கனம் தெரிகிற அச்சே நல்லது. கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவில் தோய்த்ததும் குளிர்ந்துபோகாது. கம்பி அச்சோடு சேரும் இடம் ஆடாமல் இருக்கிறதா, பூவின் அடிப்பக்கம் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று தரையில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். அடி கோணலான அச்சில் ஒரு பக்கம் மாவு ஏறும், மறுபக்கம் ஏறாது.

புது இரும்பு அச்சு முதல் நாளே வேலைக்கு வராது. அரிசி களைந்த தண்ணீரிலோ வடித்த கஞ்சியிலோ ஓர் இரவு முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு காய்ந்த எண்ணெயில் பத்து நிமிடம் கிடக்கவிட்டு, அடுப்பை அணைத்து, எண்ணெய் ஆறும் வரை அதிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் இரும்பின் மேல் எண்ணெய்ப் படலம் ஒன்று இறுகி உட்காரும். முறுக்கு ஒட்டாமல் கழன்று விழுவது இந்தப் படலத்தால்தான்.

உப்பளக் காற்றுள்ள ஊரில் இரும்புக்கு எதிரி துரு. வேலை முடிந்த அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது. சூடாக இருக்கும்போதே காகிதத்தால் துடைத்து, எண்ணெய் தடவி, பழைய பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். அடுத்த டிசம்பரில் எடுக்கும்போது துருப் புள்ளி தெரிந்தால், உப்பும் எண்ணெயும் வைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி ஒருமுறை பழக்கினால் போதும்.

மாவு

அளவுக்கு 200 மில்லி டம்ளர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

- பச்சரிசி மாவு: 2 டம்ளர்
- மைதா: கால் டம்ளர்
- பொடித்த சர்க்கரை: முக்கால் டம்ளர்
- முட்டை: 2
- கெட்டியான முதல் தேங்காய்ப்பால்: 1 டம்ளர்
- இரண்டாம் பால்: அரை முதல் முக்கால் டம்ளர் வரை, பதம் பார்த்து
- கருப்பு எள்: 2 தேக்கரண்டி
- ஏலக்காய்: 4, பொடித்தது
- உப்பு: கால் தேக்கரண்டி
- பொரிக்கக் கடலை எண்ணெய்

கடையில் விற்கும் அரிசி மாவிலும் செய்யலாம். ஆனால் வீட்டில் இடித்த அல்லது மிஷினில் கொடுத்து அரைத்த ஈரமாவில் வரும் மொறுமொறுப்பு தனி. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, நிழலில் துணி விரித்துப் பரப்ப வேண்டும். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவத்தில் அரைத்து, சலித்துக்கொள்ள வேண்டும். ஈரமாவு சேர்த்தால் இரண்டாம் பால் அரை டம்ளருக்குள் அடங்கிவிடும்.

வீட்டில் இருப்பது மரக்காணத்துக் கல் உப்பாக இருந்தால் அதை நேரே மாவில் போடக் கூடாது. பாத்தியிலிருந்து வந்த உப்பில் மண் துகள் கொஞ்சமாவது இருக்கும். இரண்டாம் பாலில் கரைத்து, தெளியவைத்து, வடிகட்டி ஊற்றினால் பல்லில் மண் கடிபடாது.

முட்டையும் சர்க்கரையும் கரையும் வரை அடித்து, முதல் பாலை ஊற்றி, மாவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். இரண்டாம் பாலைக் கடைசியில் ஊற்றிப் பதத்துக்குக் கொண்டுவரலாம். தோசை மாவைவிட நீர்த்திருக்க வேண்டும், மோர் அளவுக்குப் போய்விடவும் கூடாது. கரண்டியின் பின்புறத்தில் மெல்லியதாகப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்பதே சரியான பதம். எள்ளையும் ஏலக்காயையும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒருமுறை பதம் பார்த்து, இறுகியிருந்தால் ஒரு கரண்டி பால் விட வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. அரிசி மாவுக்கு நொறுங்கும் குணம் உண்டு, பிடிப்பு கிடையாது. அந்தப் பிடிப்பை முட்டையும் மைதாவும் தருகின்றன. தேங்காய்ப்பாலின் கொழுப்பு முறுக்கைக் கடினமாகாமல் காக்கிறது. சர்க்கரைதான் நிறம் கொடுக்கிறது. கூடிப்போனால் அச்சில் ஒட்டும், சீக்கிரம் கருகும். முட்டை வேண்டாதவர்கள் மைதாவை அரை டம்ளராகக் கூட்டிக்கொள்ளலாம். மொறுமொறுப்பு சற்றுக் குறையும்.

பொரித்தல்

சட்டி குறுகலாகவும் ஆழமாகவும் இருந்தால் எண்ணெய் மிச்சமாகும். அச்சு முழுகி, அதற்கு மேல் இரண்டு விரல் எண்ணெய் நிற்க வேண்டும். திண்டிவனம் பக்கத்து மல்லாட்டையில் (நிலக்கடலையில்) ஆட்டிய எண்ணெய் இந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். துளி மாவை விட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே எழும்ப வேண்டும். வெப்பமானி இருப்பவர்களுக்கு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ்.

எண்ணெய் காயும்போதே அச்சும் அதற்குள் இருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு அச்சை எடுத்து மாவில் விட்டால் ஒன்றும் ஒட்டாது. "அச்சு இன்னும் காயல, கொஞ்சம் பொறு" என்று மாமியார் மருமகளிடம் சொல்வது இந்த இடத்தில்தான். குறைந்தது ஐந்து நிமிடமாவது அச்சு எண்ணெயில் கிடக்கட்டும்.

பிறகு அச்சைத் தூக்கி, சட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி எண்ணெயை வடித்து, மாவில் முக்கால் உயரத்துக்கு இறக்க வேண்டும். 'சுர்' என்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்கும் நொடியிலேயே இரும்பைத் தொட்ட மாவு வெந்து அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. மாவு ஒருபோதும் அச்சின் மேல்விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேலே மூடிபோல் இறுகி, முறுக்கு எப்படி உதறினாலும் கழலாது.

ஒட்டிய மாவோடு அச்சை எண்ணெயில் இறக்கி அசையாமல் பிடிக்க வேண்டும். மாவிலுள்ள ஈரம் ஆவியாகிக் குமிழ் குமிழாகப் பொங்கும். ஈரம் வெளியேற வெளியேற முறுக்கு விறைத்து இரும்பிலிருந்து விலகும். பத்துப் பதினைந்து நொடியில் கம்பியை மெல்ல ஆட்டினால் தானே கழன்று மிதக்கும். அடம்பிடித்தால் மெல்லிய குச்சியால் ஒரு முனையில் தொட்டுவிட்டால் போதும். அச்சு மறுபடி எண்ணெயிலேயே காயட்டும். மிதக்கும் முறுக்கைத் திருப்பிப் போட்டு, குமிழ் அடங்கிப் பொன்னிறம் வந்ததும் அரிகரண்டியால் எடுக்கலாம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். ஆறிய பிறகே மொறுமொறுப்பு வரும்.

இரண்டு பேர் இருந்தால் வேலை ஓடும். ஒருவர் தோய்க்க, மற்றவர் திருப்பி எடுக்க. தோய்ப்பவர் ஒவ்வொரு முறையும் மாவை அடிவரை கலக்கிவிட வேண்டும். அரிசி மாவு கனமானது. சும்மா விட்டால் அடியில் தங்கும், எள்ளும் அதோடு போகும். கலக்காமல் தோய்த்தால் முதல் இருபது முறுக்கு சல்லடையாகவும், கடைசி இருபது முறுக்கு கல்லாகவும் வரும்.

கோளாறும் சரிசெய்தலும்

*மாவு அச்சில் ஒட்டவில்லை:* அச்சு காயவில்லை, அல்லது அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. புகை வந்தால் அடுப்பைத் தணித்து, அச்சை வெளியே எடுத்து அரை நிமிடம் ஆறவிட்டுத் தோய்க்க வேண்டும். எண்ணெய் வடியாத அச்சிலும் மாவு வழுக்கும்.

*ஒட்டியது கழலவில்லை:* அச்சு புதியது, அல்லது சர்க்கரை கூடிவிட்டது. முதல் சில முறுக்குகள் இப்படித்தான் போகும். ஒட்டிய துணுக்கைச் சுரண்டி, எண்ணெயில் மறுபடி காயவைத்துத் தொடரலாம். சர்க்கரைதான் காரணம் என்று தெரிந்தால் இரண்டு கரண்டி அரிசி மாவும் கொஞ்சம் பாலும் சேர்க்க வேண்டும்.

*எண்ணெய் குடிக்கிறது:* எண்ணெயில் சூடு போதவில்லை. ஒரே நேரத்தில் மூன்று நான்கு முறுக்குக்கு மேல் மிதக்கவிடக் கூடாது.

*தடித்து, கடிக்கக் கடினமாக இருக்கிறது:* மாவு இறுகிவிட்டது. இரண்டாம் பால் ஒரு கரண்டி.

*வெளியே சிவந்து உள்ளே வேகவில்லை:* தீ அதிகம். நடுத்தரத் தீயிலேயே தொடக்கம் முதல் முடிவு வரை போக வேண்டும்.

மழைக்காலத்தில் பத்திரப்படுத்துதல்

மரக்காணம் கரையில் இந்தப் பலகாரத்துக்கு வரும் பெரிய சோதனை செய்முறையில் இல்லை, காற்றில்தான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம்கூட இல்லை. புயல் இல்லாத ஆண்டிலும் டிசம்பர் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். தட்டில் திறந்து வைத்த முறுக்கு சீக்கிரமே நமுத்துவிடும்.

மழை விட்ட நாளாகப் பார்த்துச் செய்வது முதல் பாதுகாப்பு. பொரித்ததைக் கம்பித் தட்டில் அல்லது காகிதத்தில் தனித்தனியாக, செங்குத்தாகச் சாய்த்து ஆறவிட வேண்டும். அடுக்கினால் ஆவி உள்ளே சிக்கும். முழுக்க ஆறியதும், ஆனால் நேரம் கடத்தாமல், இறுக்க மூடும் எவர்சில்வர் தூக்கிலோ டின்னிலோ அடைக்க வேண்டும். ஒரே பெரிய டின்னில் போட்டு நாளுக்குப் பத்து முறை திறப்பதைவிட, சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து வைப்பது நல்லது. நமுத்துப்போனால் தூக்கி எறிய வேண்டியதில்லை. கனமான தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, முறுக்குகளை அதன்மேல் பரப்பி ஐந்து நிமிடம் விட்டு ஆறவைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

மார்ச் 25: வாஃபிள் நாள்

கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 25 அன்று, கன்னி மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். மரக்காணம் அடங்கும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் கத்தோலிக்கத் திருத்தலங்களிலும் அது பெருவிழா. புனித வாரத்துக்குள் விழுந்தால் விழா தள்ளிப்போகும். 2024இல் அப்படித்தான் ஏப்ரல் 8 அன்று கொண்டாடப்பட்டது. ஸ்வீடனில் 1953 வரை அந்த நாள் பொது விடுமுறை. பிறகு திருச்சபை விழாவைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் வாஃபிள் மட்டும் மார்ச் 25ஐ விட்டு நகரவில்லை. அன்று வீடுகளிலும் காபிக் கடைகளிலும் ஐந்து இதயங்கள் கூடிய வட்ட அச்சில் வாஃபிள் சுட்டு, ஜாமும் அடித்த கிரீமும் வைத்துச் சாப்பிடுவார்கள்.

ஸ்வீடன் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அந்நியமான நாடும் அல்ல. 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் தரங்கைப் பேராயர் எர்னஸ்ட் ஹூமன் ஸ்வீடன்காரர், 1921இல் பொறுப்பேற்றார். 1956இல் ராஜா பி. மாணிக்கம் வரும் வரை அந்தப் பொறுப்பில் ஸ்வீடன்காரர்களே இருந்தார்கள்.

இந்த வாஃபிளுக்குத் தேவையானவை மிகக் குறைவு. முட்டை இல்லை, சர்க்கரையும் இல்லை.

- மைதா: 180 கிராம்
- பால்: 400 மில்லி
- உருக்கிய வெண்ணெய்: 100 கிராம்
- பேக்கிங் பவுடர்: 2 தேக்கரண்டி
- உப்பு: கால் தேக்கரண்டி

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சலித்து, பாதிப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, மீதிப் பாலையும் வெண்ணெயையும் சேர்த்தால் மாவு தயார். வெண்ணெய் இங்கே இரண்டு வேலை செய்கிறது: வாஃபிளை மொறுமொறுப்பாக்குகிறது, அச்சில் ஒட்டாமலும் காக்கிறது. ஆகவே அளவைக் குறைக்கக் கூடாது. கடையில் வாங்கும் உப்பு வெண்ணெய் என்றால் உப்பை விட்டுவிடலாம்.

இதய அச்சு கிடைக்காவிட்டால் மின்சார வாஃபிள் மேக்கர் எதுவானாலும் சரி. கட்டம் ஆழம் குறைந்ததாக இருந்தால் ஸ்வீடன் வாஃபிளின் மெல்லிய தன்மை வரும். அச்சு முறுக்குக்குச் சொன்ன விதியே இதற்கும்: இரும்பு நன்றாகக் காய வேண்டும். காய்ந்ததும் வெண்ணெய் தடவி, ஒரு குழிக்கரண்டி மாவை நடுவில் ஊற்றி மூடினால் ஓரங்களில் ஆவி சீறும். ஆவி அடங்கும் வரை திறக்கக் கூடாது. முன்னதாகத் திறந்தால் மேல் பாதி ஒரு தகட்டிலும் கீழ்ப் பாதி மறு தகட்டிலும் பிய்ந்து நிற்கும். மூன்று நான்கு நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும். எடுத்ததைக் கம்பித் தட்டில் வைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. சுட்டவுடன் சாப்பிடுவதற்கான பலகாரம் இது. பத்து நிமிடம் கடந்தால் மெத்தென்று ஆகிவிடும்.

ஸ்வீடனில் இதோடு வைப்பது புளிப்பேறிய காட்டுப் பழ ஜாம். இங்கே அன்னாசிப்பழ ஜாம் அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தும். இனிப்பு வேண்டுவோர் பனை வெல்லப் பாகைக் காய்ச்சி மேலே ஊற்றலாம். கிரீம் வாங்கும்போது கவனம் தேவை. கடைகளில் ஃப்ரெஷ் கிரீம் என்று கிடைக்கும் சிறு பெட்டிகளில் கொழுப்பு 25 சதவீத அளவில்தான் இருக்கும். எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ள விப்பிங் கிரீம் புதுச்சேரியில் பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். மார்ச் மாத வெயிலில் அது வழியில் உருகாமல் இருக்க ஐஸ் பையோடு கொண்டுவந்து, அடிக்கும் பாத்திரத்தையும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அடிக்க வேண்டும்.

மேலே சொன்ன அளவில் நான்கைந்து பேருக்கு ஏழெட்டு வாஃபிள் வரும். மாவு மிஞ்சினால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் காலைப் பலகாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். வெண்ணெய் மேலே இறுகியிருக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்து, கால் டம்ளர் வெதுவெதுப்பான பால் விட்டுக் கலக்கி, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரைப் புதிதாகச் சேர்த்த பிறகு சுட வேண்டும்.